கூலிக்காரர் கைமணம் கோடீஸ்வரர் மேஜையில்!

குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவரை மூன்று வாரமாகக் காணோம். துபாயில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அசோகபுரம் ரயில்வே பணிமனையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்கனக்காரர். ஒரு மசால் தோசையை இருவர் பங்கிட்டுக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை என்பது அவர் கொள்கை.

திரும்பி வந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி இதுதான்: "சார், பெரு நாட்டு ஜப்பான் ஓட்டல்ல சாப்பிட்டேன்!"

"பெரு எங்கே, ஜப்பான் எங்கே? நடுவிலே பசிபிக் மகாசமுத்திரம் அல்லவா கிடக்கிறது!" என்றேன்.

"அதைத்தான் நானும் பையனைக் கேட்டேன். 'பேசாம சாப்பிடுங்கப்பா'ன்னுட்டான்."

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவர் விவரிக்க ஆரம்பித்தார். வாசலிலேயே பெயரைக் கேட்டு, முன்பதிவு உண்டா என்று பார்த்துத்தான் உள்ளே விட்டார்களாம். செருப்புக் காலுக்கு அனுமதி இல்லை என்று மகன் புது ஷூ வாங்கி மாட்டிவிட்டிருந்தான். உள்ளே ஒரே இருட்டு. கைபேசி வெளிச்சத்தில்தான் மெனு படிக்க முடிந்தது. ஒரு மூலையில் மேடை. ஜிகினா உடுப்பில் ஒரு பெண் ஸ்பானிய மொழியில் பாடினாள். பக்கத்தில் ஒருவர் மரப்பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அதே பெட்டியை இரண்டு கையாலும் தட்டி வாசித்தார். பத்து மணிக்கு மேல் விளக்குகள் சுழன்றன. சாப்பிட வந்தவர்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள்.

"சாப்பாடு?"

"தட்டு இருக்கு சார், பௌர்ணமி நிலா மாதிரி. அதுல ஆறே துண்டு மீன். காகிதம் மாதிரி சீவி வெச்சிருக்கான். மஞ்சளா ஒரு சாறு, ரெண்டு கொத்தமல்லி இலை. அடுப்பையே காட்டலை. பச்சை மீன்!"

பில் வந்ததும் மகன் அதை மடித்துவிட்டான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்த கண் விடுமா? வேலையில் சேர்ந்த புதிதில் தாம் வாங்கிய இரண்டு வருஷச் சம்பளத்தைவிட அந்த ஒரு வேளைச் சாப்பாடு அதிகம் என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சார். அந்த மீன்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச வாசனை வந்ததும் எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருவுக்கும் ஜப்பானுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பச்சை மீனுக்கும் நண்பரின் தாயாருக்கும் என்ன சம்பந்தம்? முதல் கேள்விக்கு விடை தேடப் போனபோது, இரண்டாவதற்கும் விடை கிடைத்தது.

கரும்புத் தோட்டத்துக்குப் போன கப்பல்

1899-ஆம் ஆண்டு. ஜப்பானின் யோகஹாமா துறைமுகத்திலிருந்து 'சகுரா மாரு' என்ற கப்பல் புறப்பட்டது. அதில் 790 கூலியாட்கள். ஏப்ரல் மாதம் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தில் இறங்கினார்கள். கடலோரக் கரும்புத் தோட்டங்களில் நான்காண்டு வேலை என்பது ஒப்பந்தம்.

பெருவில் 1854-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். முதலில் சீனர்களைக் கொண்டுவந்தார்கள். 1874-ல் அதுவும் நின்றது. அடுத்துக் கிடைத்தவர்கள் வறுமைப்பட்ட ஜப்பானிய விவசாயிகள். போய்ச் சேர்ந்த முதலாண்டிலேயே மலேரியாவும் விஷக்காய்ச்சலும் சீதபேதியும் பலரைப் பலிகொண்டன. சொன்ன கூலி கிடைக்கவில்லை என்ற சண்டை, தோட்டத்தை விட்டு ஓட்டம் எல்லாம் நடந்தன.

இந்தக் கதை நமக்குப் புதிதா? 1860-ல் சென்னைக் கரையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நம் மக்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அங்கேயும் கரும்புதான். இலங்கையில் காபியும் தேயிலையும், மலேயாவில் ரப்பர். அவ்வளவு தூரம் ஏன்? இதே கர்நாடகத்தில், கோலார் தங்கவயலில், வடஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் பூமிக்கடியில் இறங்கினார்கள். மேலே வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் நடனமும் விருந்தும் நடந்தன. 2001-ல் சுரங்கம் மூடும்வரை ஐந்து தலைமுறை அங்கே உழைத்தது.

புலிப்பால் வந்த வழி

ஒப்பந்தம் முடிந்த ஜப்பானியர்களில் பலர் தலைநகர் லிமாவுக்கு நகர்ந்தார்கள். சிலர் முடிதிருத்தும் கடை வைத்தார்கள். சிலர் மளிகைக்கடை. சிலர் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை. ஊர்க்காரர்களுக்கு ஊர்ச் சாப்பாட்டைத்தான் போட்டார்கள். ஆனால் கை ஜப்பானியக் கை அல்லவா? அது தன் வேலையைக் காட்டியது.

பெருவின் கடற்கரை உணவு 'செவிச்சே'. பச்சை மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசறி ஊறவைப்பது. முன்பெல்லாம் மணிக்கணக்கில் ஊறவைப்பார்கள். எலுமிச்சையின் புளிப்பே மீனை வெளுக்கவைத்து, வெந்தது போல ஆக்கிவிடும். ஜப்பானியனுக்குப் புது மீனை இப்படி வதைப்பது பிடிக்கவில்லை. பரிமாறும் நேரத்தில் சாற்றை விட்டால் போதும் என்றான். மீனையும் தன் ஊர் வழக்கப்படி மெல்லிய ஏடு ஏடாகச் சீவினான். மேலே பெருவின் மஞ்சள் மிளகாய்ச் சாற்றை ஊற்றினான். அதற்குப் பெயர் 'திராதித்தோ'. நம் நண்பர் துபாயில் சாப்பிட்ட அந்த ஆறு துண்டு அதுதான்.

மீனும் எலுமிச்சையும் மிளகாயும் கலந்து ஊறும் அந்தச் சாற்றுக்குப் பெருவில் ஒரு பெயர் உண்டு: 'புலிப்பால்'! தாயின் தலைவலிக்குப் புலிப்பால் கொண்டுவரப் போன ஐயப்பன் கதை தெரிந்த நமக்கு, இந்தப் பெயர் நாக்கிலே ஒட்டிக்கொள்ளும்.

ரோசிதா யிமுரா என்ற ஜப்பானிய வம்சத்துப் பெண்மணி, ஆக்டோபஸை மெல்லியதாகச் சீவி, ஆலிவ் காய்ச் சாந்தோடு ஒரு பதார்த்தம் செய்தார். இன்று லிமாவில் அது பிரபலம். இப்படி வளர்ந்த சமையலுக்கு 'நிக்கேய்' என்று பெயர். வெளிநாடுகளில் குடியேறிய ஜப்பானிய வம்சத்தவரைக் குறிக்கும் சொல் அது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1940-ல் லிமாவில் ஜப்பானியர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. கடைகள் சூறையாடப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்ததும் பெருவிலிருந்து சுமார் 1,800 பேரைப் பிடித்து அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தபின் பெருவுக்குத் திரும்ப முடிந்தவர்கள் மிகச் சிலரே. அந்நிய மண்ணில் கடை வைத்துப் பிழைப்பவனுக்கு, கலவரம் என்றால் முதலில் உடைவது அவன் கடைக் கண்ணாடிதான். இதையும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்டி வாசித்தவர்கள் யார்?

சாப்பாடு இருக்கட்டும், அந்த மரப்பெட்டி வாத்தியம்? அதற்குப் பெயர் 'கஹோன்'. ஸ்பானிய மொழியில் 'பெட்டி' என்றுதான் பொருள். பெருவின் கடற்கரைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உண்டாக்கியது அது. முரசு கொட்டக்கூடாது என்று எஜமானர்கள் தடுத்தபோது, சரக்கு வந்த பெட்டியையும் மேஜை இழுப்பறையையும் தட்டித் தாளம் போட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆபீஸ் மேஜையில் விரலால் தாளம் போடாத குமாஸ்தா யார்? அந்தத் தாளம் அங்கே ஒரு நாட்டின் வாத்தியமாகவே ஆகிவிட்டது. 1970-களில் பெருவுக்குப் போன ஸ்பெயின் நாட்டு கிட்டார் மேதை பாக்கோ தெ லூசியா இதைக் கேட்டு மயங்கித் தம் ஊருக்குக் கொண்டுபோனார். இப்போது உலகம் முழுவதும் ஒலிக்கிறது.

ஆக, அந்த ஓட்டலில் தட்டில் இருந்தது கூலிக்காரன் சமையல். மேடையில் இருந்தது அடிமையின் வாத்தியம். நடுவில் உட்கார்ந்து பில் கொடுத்தது மட்டும்தான் வேறு வர்க்கம்!

மேஜைக்கு எப்படி ஏறியது?

தோட்டத்துக் கூலியின் சாப்பாடு நட்சத்திர ஓட்டலுக்குப் போனதிலும் ஒரு பிழைப்புத் தேடிய மனிதனின் கதை இருக்கிறது. நொபு மட்சுஹிசா என்ற இளம் சமையற்காரர் 1973-ல் ஜப்பானிலிருந்து லிமாவுக்குப் போனார். அப்போது வயது 24. கூட்டாளியோடு ஓட்டல் நடத்தி, பெருவின் மிளகாயையும் எலுமிச்சையையும் கற்றுக்கொண்டார். கூட்டாளியோடு ஒத்துவரவில்லை. அடுத்து அர்ஜென்டினா. பிறகு அலாஸ்கா. அங்கே திறந்த ஓட்டல் சில வாரங்களிலேயே தீக்கிரையானது. கடனோடு லாஸ் ஏஞ்சலீஸ் போய்ச் சேர்ந்து, 1987-ல் சொந்த ஓட்டல் திறந்தார். அங்கே வாடிக்கையாளராக வந்த ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோவோடு சேர்ந்து 1994-ல் நியூயார்க்கில் 'நொபு' தொடங்கினார். அதன் கிளைகள் உலகம் முழுவதும் பரவின.

பிறகு பாட்டும் கூத்தும் சேர்ந்துகொண்டன. 2012-ல் லண்டனில் ஒரு வானளாவிய கட்டிடத்தின் 38, 39-ஆம் மாடிகளில் 'சுஷிசம்பா' வந்தது. ஜப்பான், பிரேசில், பெரு மூன்றும் ஒரே மெனுவில். 2013-ல் அதே ஊரின் சோஹோ பகுதியில் 'சோட்டோ மத்தே' வந்தது. அங்கே நிக்கேய் சாப்பாட்டோடு இசைத்தட்டுச் சுழற்றும் டி.ஜே.யும் உண்டு. துபாய் போன்ற நகரங்களில் இந்தப் பாணி நன்றாகவே பிடித்துக்கொண்டது.

லிமாவிலேயே ஜப்பானிய வம்சத்தைச் சேர்ந்த மிட்சுஹரு சுமுரா 2009-ல் 'மைடோ' என்ற ஓட்டலைத் தொடங்கினார். 2025-ல் வெளியான 'உலகின் ஐம்பது சிறந்த உணவகங்கள்' பட்டியலில் அதற்கே முதலிடம்! சகுரா மாரு வந்து 126 ஆண்டுகள் ஆனபின்.

மைசூரில் இல்லையா?

உல்லாசச் சாப்பாடு என்றால் மைசூருக்கு அது புதிதல்ல. சாமுண்டி மலையடிவாரப் பக்கம் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே லலித மகால், அது விருந்துக்காகவே பிறந்த மாளிகை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1921-ல் வைஸ்ராயும் ஐரோப்பிய விருந்தாளிகளும் தங்குவதற்காகக் கட்டினார். வரைபடம் போட்டவர் பம்பாயில் இருந்த பிரிட்ச்லி. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை நினைவூட்டும் குவிமாடம். வெள்ளைக்காரத் துரைகளும் சீமாட்டிகளும் நடனமாடிய கூடம், 1974-ல் மாளிகை ஓட்டலானபின் சாப்பாட்டுக் கூடமாயிற்று. வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழே வாத்திய இசை கேட்டுக்கொண்டே சாப்பிடலாம் என்று வெளியூர்ப் பயணிகள் தேடி வந்தார்கள்.

இரண்டு நாட்டுச் சங்கீதத்தை ஒரே கூடத்தில் வைத்துக் கேட்ட ஊர் இது. அரண்மனையில் கர்நாடக வாத்தியக் கோஷ்டியும் இருந்தது. ஆங்கிலப் பாண்டும் இருந்தது. தசராவில் போலீஸ் பாண்டு வாசிக்கும்போது இன்றும் அந்த வாசனை வீசும்.

சாப்பாட்டு விஷயத்திலோ, நாம் பெருவை நாள்தோறும் தின்றுகொண்டிருக்கிறோம், தெரிவதில்லை, அவ்வளவுதான். மைசூர் மசால் தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு பெரு நாட்டு ஆண்டீஸ் மலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பயிரானது. உலக உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971 முதல் லிமாவில்தான் இருக்கிறது. தோசையில் தடவும் சிவப்புச் சட்னியின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் கொண்டுவரும்வரை நம் முப்பாட்டனார் மிளகைத்தான் நம்பியிருந்தார்.

இன்னொன்று, புளியோகரை. சோழ மன்னனின் கோபத்துக்குத் தப்பி ஸ்ரீரங்கத்திலிருந்து ராமானுஜர் மேல்கோட்டைக்கு வந்தார் என்பது வைணவ மரபு. அங்கே வாழும் மண்டயம் ஐயங்கார்கள் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். நம் புளியோதரை அங்கே எள்ளும் கொப்பரையும் வெல்லமும் சேர்ந்து, கன்னடப் பெயர் சூடி, இந்தச் சீமையின் சொந்தச் சாப்பாடாகிவிட்டது. தமிழனும் கன்னடியனும் ஒரே இலையில் கலந்த 'நிக்கேய்' அது!

நண்பரின் தாயார்

இதையெல்லாம் திரட்டிக்கொண்டு போய் நண்பரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் கேட்டார். பிறகுதான் பத்து வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார்.

அவர் பிறந்தது ரங்கூனில். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நம்மவர்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினார்கள். எட்டு வயதுப் பையனாக அவரும் தாயோடு சென்னையில் இறங்கினார். தகப்பனார் சில மாதங்களில் போய்விட்டார். தாயார் பாரிமுனை அருகே தள்ளுவண்டி போட்டார். 'அத்தோ' விற்றார்.

அத்தோ தெரியாதவர்களுக்காக: பர்மிய மொழியில் 'தோ' என்றால் கையால் பிசைந்து கலப்பது. அவித்த நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கடைசியில் எலுமிச்சை. எல்லாவற்றையும் கையாலேயே பிசறிக் கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டுப் போட்ட சூடான ரசம். பர்மியச் சமையலும் தமிழ் நாக்கும் கலந்த பண்டம். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன. சாப்பிடக் கூட்டமும் நிற்கிறது.

"பள்ளிக்கூடத்துல 'அத்தோக்காரி மகன்'னு கூப்பிடுவானுங்க சார். எங்கம்மா கையில எப்பவும் எலுமிச்சம்பழ வாசனை. பக்கத்துல வந்தா நான் நகர்ந்து போவேன். வேலை கிடைச்சு மைசூர் வந்ததும் யார்கிட்டயும் சொல்லலை. கல்யாணத்துல 'அம்மா என்ன பண்றாங்க'ன்னு கேட்டதுக்கு, 'வீட்டுல இருக்காங்க'ன்னேன். அப்பவும் அவங்க வண்டி தள்ளிக்கிட்டிருந்தாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"துபாய்ல அந்தத் தட்டு முன்னால உட்கார்ந்தப்போ நினைச்சேன். இவனும் கையால பிசறித்தானே குடுக்கிறான்? இதுக்கு ஷூ போட்டுக்கிட்டு வரணுமாம். எங்கம்மா கிட்ட நான் செருப்பு இல்லாமயே போகலையே."

இரண்டும் பிழைக்கப் போனவர்கள் கலந்த கலவைதான். ஒன்று வெள்ளைத் துணி விரித்த மேஜையில், மற்றொன்று நடைபாதையில். ருசி குறைந்ததால் வந்த வித்தியாசம் அல்ல இது. நிக்கேய் சமையலின் பேரப்பிள்ளைகள் 'இது எங்கள் பாட்டன் சமையல்' என்று வாய்விட்டுச் சொன்னார்கள். சொன்னதால் உலகம் கேட்டது. நாம் சொல்லக் கூச்சப்படுகிறோம். வெளியூரில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு தேவராஜ மார்க்கெட் பக்கம் மீன் வாங்கி, பச்சையாக எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு மீனை வெளுக்கவைக்குமே தவிர, அதில் உள்ள புழுவையும் கிருமியையும் முழுக்கக் கொல்லாது. தரமான ஓட்டல்களில் அதற்கென்றே கடுங்குளிரில் உறையவைத்த மீனை வாங்குகிறார்கள். 1991-ல் பெருவில் காலரா பரவியபோது, முதல் பழி செவிச்சேயின் மேல்தான் விழுந்தது. அத்தோவில் அந்தப் பயம் இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்கு வரச்சொன்னார். முற்றத்தில் பெரிய அலுமினியத் தேக்சா. கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு அவரே பிசைந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள் நான்கைந்து வந்திருந்தன. எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சென்னாகிதே! இதென்ன, சீன ஓட்டல் சமையலா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எங்கம்மா வண்டியில வித்தது" என்றார் நண்பர்.

அந்த அம்மாள் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டார்.